டெட்மரின் நன்றியுரை

பிழையில்லாத லத்தீன் வாக்கியம் விலைமதிப்பற்றது என்று எங்கள் தலைமையாசிரியர் பிசெலியஸ் அடிக்கடி சொல்வார். நான் அதைப் புகைபோட்ட விலாங்கு மீன் பாதிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதுவும் வால் பக்கத்துப் பாதி. தலைப் பக்கத்தை டெட்மர் தின்றுவிடுவான்.

ஐயா, நீங்கள் பள்ளிகளைச் சோதனையிட வந்தவர். என் பெட்டியின் அடியில் பன்னிரண்டு அறுத்த தாள்களைக் கண்டெடுத்துவிட்டு, இவை எப்படி இங்கே வந்தன என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. உட்காருங்கள், பீர் கொண்டுவரச் சொல்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தொன்றில் நான் இதே பள்ளியில் கடைசி வகுப்பு. என் அம்மா துறைமுகத்தில் வலை பின்னுகிறவள். டெட்மரின் அப்பா உப்பு வியாபாரி, நாலு கப்பலுக்குச் சொந்தக்காரர். வாரத்தில் மூன்று நாள் ஆசிரியர் எங்கள் பாஷையில் ஒரு பத்தி சொல்வார். நாங்கள் அதை லத்தீனில் எழுத வேண்டும். பிறகு, என்றோ ஒரு ரோமானியன் எழுதிய மூலத்தைப் பக்கத்தில் வைத்து, யார் எவ்வளவு விலகிப்போனான் என்று பார்ப்பார். டெட்மருக்கு நாலு வருஷம் நான்தான் எழுதிக்கொடுத்தேன்.

இரண்டும் ஒரே கை என்று தெரிந்துவிடக் கூடாதே. அதனால் நல்ல சரக்கை வாடிக்கைக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, கழிவை என் பேரில் வைத்துக்கொண்டேன். வியாபாரத்தில் நாணயம் முக்கியம். விளைவு, வகுப்பில் டெட்மர் முதல், நான் இரண்டாவது. நகர சபையோ வருஷத்துக்கு ஒரே ஒரு பையனைத்தான் தன் செலவில் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். டெட்மரின் அப்பாவுக்கு அது பெருமை. எனக்கு அது இல்லாவிட்டால் ஆயுளுக்கும் வலையும் தாரும்தான்.

அவனாக ஒருமுறை எழுதிக்கொண்டு வந்தான். செத்துப்போன தன் நாயைப் பற்றி, ஆறு வரி.

"டோன்னி, நானே எழுதினேன்டா. சிரிக்காம படி."

"பதினொரு தப்பு. உங்க நாய் இதைப் படிச்சிருந்தா இன்னும் முன்னாடியே போய்ச் சேர்ந்திருக்கும்."

"அவ்ளோ மோசமாவா இருக்கு?"

"உனக்கெதுக்குடா இந்தத் தலைவலி? நீ மீனைக் கொண்டா."

தாளை அடுப்பில் போட்டேன். உண்மையில் ஏழு தப்புதான். கடைசி வரி நன்றாகக்கூட இருந்தது. அதன் பிறகு அவன் முயலவில்லை. 'வெளியே போகலாமா' என்று கேட்கும் அளவு லத்தீனோடு நிறுத்திக்கொண்டான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு சிக்கல் வந்தது. பள்ளியின் சொற்றொடர்ப் புத்தகம் மேசையோடு சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும். எனக்கு இரண்டு பேர் வேலை. பள்ளி நேரம் போதவில்லை. பன்னிரண்டு தாளை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். பிசெலியஸ் பிரார்த்தனைக்கு நடுவே அறிவித்தார்: அறுத்தவன் அகப்படும்வரை எவனுக்கும் ரோஸ்டாக் கிடையாது.

ஆகவே ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். முதல் இடத்தில் இருப்பவனே அவனாக இருந்தால் இரண்டு வேலை ஒரே நடையில் முடியும். இதை யாரும் அமைதியாக யோசித்தால் ஒப்புக்கொள்வார்கள்.

ஈஸ்டர் முடிந்ததும் முதல் மாணவன், பள்ளிக்கு வரும் நகர சபையினர் முன்னால் லத்தீனில் நன்றியுரை சொல்வது வழக்கம், பார்க்காமல். நான் எழுதியவற்றிலேயே சிறந்தது அதுதான். மூன்று வாரம் பயிற்சி கொடுத்தேன்.

"இந்த இடத்துல கையை நெஞ்சுல வை. குரலைக் கொஞ்சம் இறக்கு."

"இங்க என்னடா சொல்றேன்?"

"பள்ளிக்கூடத்துக்கு எவ்ளோ கடன்பட்டிருக்கேன்னு."

"அழட்டுமா?"

"ஒரு சொட்டு போதும்."

நன்றாகவே சொன்னான். கையை நெஞ்சில் வைத்து, புத்தகத்தின் தாள்களை அறுத்தவன் தான்தான் என்றும், கத்தி இறங்கியபோது பட்ட சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை என்றும், ஒரு சொட்டுக் கண்ணீரோடு சபைக்குத் தெரிவித்தான். பிசெலியஸ் பாதியிலேயே நிறுத்தியிருக்கலாம். வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்தார்; அவ்வளவு நன்றாக அமைந்திருந்தது. லத்தீன் தெரியாத உப்பு வியாபாரி எழுந்து நின்று கைதட்டினார். "எம் புள்ளை! எப்படிப் பேசறான் பாருங்க!"

கூடத்தின் அமைதியைப் பார்த்து டெட்மர் என் பக்கம் திரும்பினான். "என்னடா சொன்னேன் நான்?"

சொந்த பாஷையில் கேட்டுவிட்டான். பள்ளிக்குள் அது குற்றம். முதலில் அதற்கான தண்டனையாக, மரத்தில் செதுக்கிய கழுதைப் பொம்மையைக் கழுத்தில் மாட்டினார்கள், பிறகுதான் விசாரணை.

"தாளை அறுத்தது நீதானே?" பிசெலியஸும் கோபத்தில் எங்கள் பாஷைக்கு இறங்கிவிட்டார். அவருக்கு யாரும் கழுதை மாட்டவில்லை.

இல்லை என்றால், இதை எழுதியது யார் என்று அவன் சொல்லியாக வேண்டும். ஒரு சின்ன ஜெபம் சொல்லும் நேரம் என்னைப் பார்த்தான். எனக்கு ரோஸ்டாக் எவ்வளவு வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

"ஆமாங்க," என்றான். "நான்தான்."

இதைப் பெருந்தன்மை என்று சிலர் சொல்லக்கூடும். எங்கள் ஒப்பந்தம் அவனுக்கு நன்றாகப் புரிந்திருந்தது என்று நான் சொல்வேன்.

அவன் அப்பா வீட்டுக்குள் சேர்க்கவில்லை. உப்பு மூட்டை சுமக்க, வடகடலுக்கு அப்பால் இருக்கும் பெர்கன் துறைமுகத்துக்குப் போய்வரும் தன் கப்பலில் ஏற்றினார். மூன்றாவது குளிர்காலத்தில் அந்தக் கப்பல் திரும்பவில்லை. ரோஸ்டாக்கிலிருந்து அவனுக்காக நாற்பது வரியில் ஓர் இரங்கல் எழுதினேன். தலைமையாசிரியரான பிறகு ஒவ்வொரு நவம்பரிலும் பையன்களுக்கு அதைத்தான் பயிற்சியாகக் கொடுக்கிறேன். சிலர் அழுவதுண்டு.

இதைக் குற்றம் என்று எழுதப்போகிறீர்களா? எழுதுங்கள். ஆனால் இந்தப் பள்ளி வழக்கப்படி கணக்கை முடியுங்கள்: இங்கே ஒரு பிழைக்கு ஒரு பிரம்படி. டெட்மருக்காக நான் எழுதியவை அறுநூற்றுப் பன்னிரண்டு பத்திகள், ஒரு நன்றியுரை, ஓர் இரங்கல். ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். பிழை எதுவும் இல்லை. எனக்கு விழவேண்டிய அடி, ஒன்றுமில்லை.