கறுப்புக் கல் வைத்த வழி

ஜூன் மாத வெயிலில் பள்ளத்தாக்குக்குள் நடந்துபோகிறவர்கள் தர்ப்பூசணி எடுத்துப்போக மாட்டார்கள். கனம். கோல்பி எடுத்துவந்தான். அதற்கு ஷாலீனின் தொப்பியை மாட்டி, மையால் மீசை வரைந்து, "இவரு என் மாமனாரு. கொஞ்சம் மரியாதையா நடந்துக்கங்க" என்று அறிமுகம் செய்துவைத்தான். வேன் நின்ற இடத்திலிருந்து ஓடைக்கரை வரை தோளில் குழந்தையைப் போலச் சாய்த்துக்கொண்டு நடந்தான். சிரிப்பு தாளாமல் நான் வழியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள், ஷெரிஃப். அப்படித்தான் இருந்தது.

நாங்கள் நான்கு பேரும் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் இந்தப் பள்ளத்தாக்குகளில் சுற்றுகிறவர்கள். டால்டனுக்கு நாட்டின் மறுகோடியில், மேய்ன் கடற்கரையில் படகு கட்டும் வேலை கிடைத்திருந்தது. எப்போதும் மழை பெய்கிற ஊர். ஞாயிறு மாலை விமானம். விடியற்காலையில் அவன் மட்டும் தனியாகப் பாறைமேல் ஏறி நடந்து, எங்கள் வேனுக்குப் பக்கத்தில் விட்டிருந்த தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மற்ற மூவரும் திங்கள்வரை இருப்போம். இதுதான் ஏற்பாடு.

எங்கள் மொட்டைப் பாறையில் தடம் பதியாது என்பது உங்களுக்குத் தெரியும். கல்மேல் கல் அடுக்கித்தான் வழி வைப்போம். சுற்றுலா வருகிறவர்களும் படம் எடுக்க அடுக்கிவிட்டுப் போகிறார்கள். டால்டன் அவற்றைப் பார்த்தால் காலால் தட்டிவிடுவான். "நம்ம வீட்டுக் கூடத்துல வந்து பொம்மை அடுக்கிட்டுப் போறானுங்க பாரு" என்பான். அதனால் எங்கள் அடுக்குகளின் உச்சியில் மட்டும் ஒரு கறுப்பு எரிமலைக் கல் இருக்கும். பதினாறு வயதில் நான் சொன்ன யோசனை அது. கறுப்புக் கல்லைக் கண்டால் டால்டன் கேள்வி கேட்காமல் அந்தப் பக்கம் நடப்பான்.

சனிக்கிழமை மதியம் மூவரும் நிழலில் தூங்கியபோது நான் கறுப்புக் கற்களை இடம் மாற்றினேன். ஒரு அடுக்கைக்கூடக் கலைக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அடுக்குகளிலிருந்து கற்களை எடுத்து, இடது சரிவில் சுற்றுலாக்காரர்கள் கட்டியிருந்தவற்றின்மேல் வைத்தேன். ஈஸ்டருக்குக் குழந்தைகள் தேடி எடுக்க முட்டை ஒளித்துவைக்கிற மாதிரி இருந்தது. நானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அந்தச் சரிவு ஒரு பாறைக் குழியில் முடிகிறது. நாங்கள் அதைக் கிண்ணம் என்போம். சறுக்கி உள்ளே இறங்கலாம். கயிறில்லாமல் ஏற முடியாது. விமானம் போனபிறகு நான் கயிறோடு போவேன், அவன் என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவான், எல்லோரும் சேர்ந்து மாமனாரை வெட்டுவோம். இன்னும் ஒரு நாள். நான் கேட்டது அவ்வளவுதான்.

அன்று மாலை அவனே கேட்டான். "மெரிலி, காலைல தூக்கக் கலக்கத்துல நான் வேற பக்கம் போய்ட்டேன்னா?"

"கறுப்புக் கல்லைப் பாத்துப் போ. கண்ணை மூடிக்கிட்டே போலாம்."

"கண்ணை மூடிட்டா கல்லு எப்படிடி தெரியும்?"

"மாமனாரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போடா" என்றான் கோல்பி. டால்டன் குடித்துக்கொண்டிருந்த காப்பி மூக்கு வழியாக வந்தது.

விடிவதற்குள் கிளம்பினான். கொஞ்ச நேர நடைதானே என்று ஒரே ஒரு தண்ணீர்ப் பாட்டில். போகும்முன் தர்ப்பூசணிக்கு முத்தம் கொடுத்தான்.

நாங்கள் ஓடையில் கிடந்தோம். உச்சி வெயிலில், பாறை அடுப்புக்கல்லாய்க் காய்ந்த நேரத்தில், தர்ப்பூசணியை வெட்டினோம். அவனுக்காக வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் கோல்பி கேட்கவில்லை. விதையைத் தூரமாகத் துப்பும் போட்டியில் ஷாலீன் ஜெயித்தாள். அப்போதுதான் மேலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பாறைச் சுவர்கள் அதை மாற்றி மாற்றி எறிந்ததில், எங்கிருந்து வருகிறது, என்ன சத்தம் என்று பிடிபடவில்லை.

"என்னது அது?" என்றான் கோல்பி.

"அண்டங்காக்கா" என்றேன். "அதுங்க எந்தக் குரல்ல வேணா கத்தும்."

அது உண்மைதான். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

கோல்பி கைகளைக் குவித்து அதே மாதிரி கத்தினான். உடனே பதில் வந்தது, முன்னைவிடப் பலமாக.

"பதில் சொல்லுதுடா" என்றாள் ஷாலீன். "உன்னைப் பிடிச்சுப் போச்சு போல. கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளு."

கேட்டான். பதில் வந்தது. தர்ப்பூசணித் தோலைத் தூக்கிக் காட்டி, "வேணுமா?" என்று கத்தினான். பதில் வந்தது.

"வேணுமாம்" என்றான்.

வயிறு வலிக்கச் சிரித்தோம். ஷாலீன் மணலில் புரண்டாள். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. பிற்பகல் முழுக்க அப்படியே விளையாடினோம். வெயில் சாய்ந்தபோது காக்கை களைத்துவிட்டது. இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள் ஷாலீன். பதில் இல்லை.

கயிறு என் படுக்கைக்கு அடியில் இருந்தது. அவனுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டான், தூங்கிவிடுவான் என்பது எனக்குத் தெரியும். தூங்குகிறவனை எழுப்புவானேன் என்று விட்டுவிட்டேன். நடுவிலிருந்த நல்ல இனிப்புத் துண்டு ஒன்றை ஈரத் துணியில் சுற்றி வைத்திருந்தேன். அதை நீங்கள் என் பையில் பார்த்தீர்கள்.

திங்களன்று சரியான வழியில் நான்தான் அவர்களைக் கூட்டிவந்தேன். "நம்ம கறுப்புக் கல்லெல்லாம் எங்க?" என்றாள் ஷாலீன். காற்று தள்ளியிருக்கும் என்றேன். டால்டனின் வண்டி வேனுக்குப் பக்கத்திலேயே நின்றது. "பிளேனை விட்டுட்டான் மடையன்" என்று கோல்பி சிரித்தான். அந்தப் பயணத்தில் கடைசியாகச் சிரித்தது அவன்தான்.

கிண்ணத்தில் மழைத்தண்ணீர் இருக்கும் என்று நம்பியதாக முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். திருத்திக்கொள்கிறேன். கடைசி அடுக்கை அதன் அடியில் நானே கட்டினேன், சனிக்கிழமை கயிற்றில் இறங்கி. அங்கே புழுதிதான் இருந்தது. கறுப்புக் கல்லை வைத்துவிட்டு ஏறிக் கயிற்றை இழுத்துக்கொண்டேன். கீழே ஒரு கறுப்புக் கல் தெரியாவிட்டால் அவன் இறங்கியிருக்க மாட்டான். டால்டன் ஜாக்கிரதையானவன்.

குரல் யாருடையது என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். முதல் கத்தலிலேயே தெரியும். அவர்கள் இருவருக்கும் அது வெறும் எதிரொலி. எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் கோல்பியைக் கூப்பிடவில்லை, ஷாலீனைக் கூப்பிடவில்லை. இத்தனை வருட நட்பில் என் பெயரை அவன் அவ்வளவு முறை சொன்னதே இல்லை. அவனுக்கும் எங்களை விட்டுப் போக மனமில்லை என்று எனக்கு உறுதியானது அப்போதுதான்.