வேணிக்கு வந்த மயக்கம்

கொழந்தையத் தூக்கிட்டுப் போறேன்னு நின்னா எப்டிங்க சம்பந்தி? ஒக்காருங்க. இன்னிக்கித்தான் பதினாறு முடிஞ்சிருக்கு. வேணி ஒங்களுக்குப் பொண்ணுன்னா எனக்கு மருமவ. எனக்கு மட்டும் வருத்தம் இருக்காதா?

அழுவாதீங்க. அழுதா வந்துருவாளா.

நாந்தான் அவள சரியாப் பாத்துக்கலன்னு ஊர்ல பேசிக்கிறாளுவோ. என்னா கொற வெச்சேன்? பொரட்டாசில அவளுக்கு மூணாம் மாசம். சனிக்கெழம வெறும் வவுத்தோட கல்லங்குறிச்சி பெருமாளு கோயிலுக்கு நடத்தி அழைச்சிட்டுப் போனேன். வரிசையில நிக்கிறப்பவே கண்ணு இருட்டுது அத்தன்னு சொல்லிட்டே விழுந்துட்டா. எனக்கு வந்த சந்தோசத்தக் கேளுங்க. பெருமாளு சன்னதில விழுந்தா சும்மாவா, சாமி ஏத்துக்கிச்சுன்னு நெனச்சேன். அதான் மிச்ச சனிக்கெழமையும் பச்சத் தண்ணி குடுக்காம அழைச்சிட்டுப் போனேன்.

நர்சம்மா வந்து ரத்தம் ஏழுதான் இருக்குன்னு மாத்திர குடுத்துச்சு. ஆமா, சாக்கடையில போட்டது நாந்தான். அதத் தின்னா புள்ள கருப்பாப் பொறக்குமாம்ல. இப்ப பாருங்க, ஒங்க பேரன் என்னா செவப்பா இருக்கான்.

ஏழாம் மாசம் வளையல் போட்டு அழைச்சிட்டுப் போறேன்னு நீங்க வந்தீங்க. இல்லங்கல. மக்காச்சோளம் ஒடிக்காமக் கெடந்துச்சு, ஆளு கெடைக்கல, அனுப்பல. காட்டுல ரெண்டு தடவ விழுந்தா. எனக்கு நடிப்பாத்தான் தெரிஞ்சுது. எம் மவன் இளவரசன வவுத்துல வெச்சுக்கிட்டு நான் நாத்து நடலயா? செத்த நேரம் நெழல்ல ஒக்காந்துட்டு மிச்சத்த முடிச்சிட்டு வாடின்னேன். முடிச்சிட்டுத்தான் வந்தா. அப்ப ஒடம்புல தெம்பு இருந்துச்சுன்னுதான அர்த்தம்?

ஆஸ்பத்திரில நடந்ததயும் சொல்லிடுறேன். நாளைக்கி வேற யாரு வாயிலேந்தாவது வரப்போவுது. புள்ள பொறந்தும் ரத்தப்போக்கு நிக்கல, அவசரமா ரத்தம் வேணும்னாங்க. இளவரசனுக்கு அதே குரூப்பு. குடுக்குறேன்னு சட்டக் கைய மடிச்சுக்கிட்டு உள்ள போனான். நாந்தான் இழுத்துட்டு வந்தேன். அவன் கல்லு லாரி ஓட்டுறவன்ங்க. குடுத்துட்டு நாளைக்கி ஸ்டேரிங்க புடிக்கிறப்ப மயக்கம் வந்துட்டா? வேற ஆளு வர்றதுக்குள்ள அவ போயிட்டா. எனக்கு இருக்குறது ஒத்தப் புள்ள.

என்னா அப்டிப் பாக்குறீங்க? ஒங்கள்ட்ட ஒளிக்கலல்ல.

கொழந்தய ஒங்களுக்குக் குடுக்க மாட்டேன். அவன் இந்த வூட்டுப் புள்ள. ஆனா நீங்க பாக்காம இருக்கணும்னு நான் சொல்லல. தெனமும் வந்து பாக்குறதுக்கு வழி சொல்றேன். அக்கா புள்ளய தங்கச்சி வளக்குறது ஒலகத்துல இல்லாததா? ஒங்க சின்னவ கவியாவுக்குக் காலேஜு கடைசி வருசந்தான, படிச்ச வரைக்கும் போதும். இளவரசன்ட்ட பேசிட்டேன். ஒன் இஷ்டம்மான்னுட்டான். வெளிய ஆளு பாத்தா வர்றவ இந்தப் புள்ளய என்னா பாடு படுத்துவாளோ. அத நீங்க தாங்குவீங்களா?

சரின்னு சொல்ல வேணாம். தலைய ஆட்டுனா போதும்.

கவியா ஏன் வாசல்லயே நிக்கிது? உள்ள வரச் சொல்லுங்க. புள்ள முழிச்சிக்கிட்டான், பாலுக்கு அழுவுறான். எனக்கு இடுப்பு முடியல. அதயே தூக்கச் சொல்லுங்க.