பழத்துக்குப் பின்னால் இருந்த ருசி

தேநீர் நன்றாக இருக்கிறது, மெரேனியா. நம் லெவின் ஊரில் பெய்யும் இந்த மழைக்கு வேறென்ன வேண்டும்? செமிசியை இன்று வேலையை விட்டு அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். கடை உங்களுடையது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அவன் செய்முறையை மறைத்து வைத்து வேறு கடைக்கு விற்கப்போகிறான் என்றீர்களே, அது மட்டும் தவறு. அவனுக்கே தெரியாததை அவன் எப்படி மறைப்பான்?

குளிர்காலத்துக்கு மின்சிகரெட்டில் ஊற்றி இழுக்கப் புதிதாக ஒரு வேப் திரவம் வேண்டும், என் கஸ்டர்ட் ருசியும் செமிசியின் ஃபீஜோவா ருசியும் மோதட்டும், ஜெயிப்பவரே இனித் தலைமை ருசிபார்ப்பவர் என்று அறிவித்தீர்கள். அந்தப் பதவியில் அதுவரை இத்தனை வருடமாக இருந்தவன் நான். ஃபீஜோவா என்பதோ ஏப்ரல் வந்தால் பக்கத்து வீட்டார் நம் வாசலில் மூட்டையாக வைத்துவிட்டு ஓடிப்போகிற பழம்.

ருசி பார்ப்பதற்காக, திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கும் அட்டமைசரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தீர்கள். அந்த நம்பிக்கை என்னை நெகிழவைத்தது. கம்பிச் சுருளையும் பஞ்சையும் நாமே வைத்துக்கொள்ளும் வகைகளில் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தேன். இரட்டைச் சுருள் போட்டது புகையை அள்ளிக் கொட்டியது, ருசியைத் தொலைத்தது. இன்னொன்று முழுக்க எஃகும் பீங்கானும். கழுவினால் போதும், முந்தைய ருசியை அடியோடு மறந்துவிடும். அருமையான கருவி. அதனால்தான் அதை ஒதுக்கினேன்.

நான் எடுத்ததில் ஒரே சுருள், மூடிக்குள் மூன்று ரப்பர் வளையங்கள். ஒவ்வொரு திரவத்துக்கும் நாம் பஞ்சை மாற்றுவோம், சுருளைப் பழுக்கக் காய்ச்சுவோம், கிண்ணத்தைக் கழுவுவோம். வளையத்தை யாரும் தொடுவதில்லை. ரப்பரோ சோம்பு வாசனையைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. உபரி வளையங்களை ஜாம் புட்டி ஒன்றில் சோம்பு எசன்ஸ் ஊற்றி ஊறப்போட்டேன்.

என் மனைவி நோயலீன் அலமாரியைத் திறந்துவிட்டுக் கத்தினாள்: "நெவில், என்ன கருமம் இது? ரொட்டி கூட சோம்பு நாறுது."

"ஆபீஸ் வேலைம்மா" என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

போட்டியன்று முதலில் என் கஸ்டர்டை எல்லோரும் ருசித்தீர்கள். பிறகு உங்கள் கண் முன்னாலேயே கருவியைச் சுத்தம் செய்தேன். துடைக்கும் சாக்கில் வளையங்களை மாற்றிவிட்டேன். செமிசியின் பழம் சளி மருந்து மாதிரி நாறும், அவன் முன்பு வேலை பார்த்த பேக்கரிக்கே திரும்பிப் போவான், எல்லோருக்கும் நிம்மதி என்று கணக்குப் போட்டிருந்தேன்.

நீங்களோ கண்ணை மூடிக்கொண்டு இழுத்தீர்கள். "அடப்பாவி, பழத்துக்குப் பின்னாடி என்னமோ ஒளிஞ்சிருக்கே. என்னடா போட்ட?"

"பழம் மட்டும்தான் அக்கா. சத்தியமா" என்றான் அவன்.

"தொழில் ரகசியமாக்கும். சரி, வச்சுக்கோ."

அவன் ஜெயித்தான். நான்தான் முதலில் கை கொடுத்தேன். மூடியைத் துடைத்துவிடுகிறேன் என்று வாங்கி, நல்ல வளையங்களைத் திரும்பப் போட்டுவைத்தேன். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

அன்றிலிருந்து அந்த ருசி அவனுக்கு வரவே இல்லை. கருகிய சர்க்கரை போட்டான், தேங்காய் போட்டான், இஞ்சி போட்டான். முன்பணம் கட்டிய கடைக்காரர்கள் எல்லாம் அவன் ஏமாற்றுகிறான் என்கிறார்கள். போன வாரம் என்னிடம் வந்து நின்றான். "நெவில் மாமா, நீங்க ஒரு இழுப்பு இழுத்தா சொல்லிடுவீங்க. என்னதான் குறையுது?" கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. "பொறுமை குறையுதுப்பா" என்று தோளில் தட்டிக் கொடுத்தேன்.

சோம்பு நான் வைத்ததுதான், மெரேனியா. அவன் பெயரைக் கெடுக்கத்தான் வைத்தேன். அவன்மேல் குற்றம் எதுவும் இல்லை, அவனை வேலையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று என் மனசாட்சி அரித்துக்கொண்டே இருந்தது.

பழம் அவனுடையது, யார் இல்லை என்றது? ஆனால் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தது என்னை. அதனால் நாம் விற்கிற திரவப் புட்டியில் என் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, அவனுடையதைக் கீழே எங்காவது சின்னதாகப் போட்டால் போதும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை, சந்தோஷப்படுவான்.