அளவைத் தாண்டிய கண்

ஹலோ... ஆமா, ரூபீனா அக்காதான். மயிலாப்பூர்ல கண் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன். உன் பட்டறை மிஷின நிறுத்திட்டுப் பேசு, ஒண்ணும் கேக்கல... ஆமா, உன் பொண்ணு ஆயத் எங்கூடத்தான் கீறா. டாக்டர் பாத்தாச்சு.

இன்னா?... சீட்டை போட்டோ புடிச்சு அனுப்புனேனே, படிச்சியா... ஆமா, ஆமா, ஹைப்பர்னுதான் எழுதிக்கீது... டேய் காஷிஃப், அதுக்கப்புறமும் எழுத்து கீதுடா. ஹைப்பர்மெட்ரோபியா. முழுசா படிக்க மாட்டியா?

...யாருக்குச் சொன்ன? அதுக்குள்ள ஸ்கூலுக்கே போன் போட்டியா? 'மிஸ் சொன்னது சரிதான், பொண்ணு ஹைப்பர்ஆக்டிவ், டிசி குடுத்துடுங்க'ன்னா?... நல்லா கீது. நல்ல அப்பன்.

இல்ல... வாய மூடிக்கினு கேளு. டாக்டர் சொன்னாங்க, அது கிரேக்க வார்த்தையாம். ஹைப்பர்னா தாண்டி. மெட்ரோன்னா அளவு... ரயில் இல்லடா, அறிவு கெட்டவனே. ஓபியான்னா பார்வை. கண்ணுக்குள்ள விழவேண்டிய உருவம் அளவ தாண்டிப் பின்னாடி போய் விழுதாம். தூரத்துல கீறது தெரியும், கிட்ட கீறது கலங்கும். தூரப்பார்வை... ஆமா, கண்ணாடிதான். மாத்திரை கூட இல்ல.

...அதான். போர்டுல எழுதுனா படிக்கிறா, புக்கக் குடுத்தா முழிக்கிறான்னா அது திமிருன்னு நீயா முடிவு பண்ணிக்கின. தலை வலிக்குதுன்னு அழுதா நடிப்புன்ன. போன வாரம் அறைஞ்சியே... தெரியும். உம் பொண்டாட்டி குல்சும்தான் சொன்னா. அவமேல ஏன் பாயுற? அளவ தாண்டினது உன் கைதான்.

...அழுவுறியா?... எங்கிட்ட அழுது இன்னா பிரயோஜனம்.

இங்கதான் நிக்கிறா. டெஸ்ட் கண்ணாடி மாட்டிவுட்டு, பொடி எழுத்துக் கதை புக்கு ஒண்ணு குடுத்தாங்க. கடகடன்னு படிச்சா. அப்புறம் எங்கிட்ட கேக்குறா, 'எல்லாருக்கும் எப்பவுமே இப்படித்தான் தெரியுமா அத்தை'ன்னு... ஆமா. அப்படித்தான் கேட்டா.

...குடுக்கிறேன், இரு. ஆயத், அத்தா பேசணுமாம்... பேசேன்மா... சரி. சரிடா செல்லம், வேணாம்.

காஷிஃப்... மாட்டேன்னுட்டா. எம் பின்னாடி போய் நின்னுக்கினா... இல்ல, ஸ்பீக்கர்லயும் போட மாட்டேன். நீ மொதல்ல ஸ்கூலுக்கு நேர்ல போ. அந்த மிஸ்ஸாண்ட நின்னு, டிசி வேணாம், நான்தான் மடையன்னு சொல்லு... வூட்டுக்கு அப்புறம் வரலாம். கண்ணாடிக் கடைக்குப் போறோம், ஃப்ரேம் அவளே எடுப்பாளாம். வெக்கிறேன்.