காய்ந்த தரை

— கீழ்வீட்டு டெய்லர் போன் பண்ணார்ப்பா. மூணு வாரமா மேல யாரோ தொப்புதொப்புனு விழுந்துக்கிட்டே இருக்காங்களாம்.

— ஒருத்தரும் விழல, அம்மாடி. அதான் சிக்கலே. தள்ளி நில்லு, கயித்தை விடப்போறேன்.

— என்ன மூட்டை இது?

— மணல். அறுபத்தோரு கிலோ, உங்கம்மா எடை.

— அதுக்கு எதுக்கு அம்மாவோட செருப்பு?

— வேற செருப்பு போட்டா கணக்கு தப்பும்.

— சரிதான். தராசு சரிபார்த்தே ரிட்டயர் ஆனீங்க, ஒத்துக்கறேன். அதுக்காக ஒரு கால்மிதிக்கு ஆராய்ச்சியா? அம்மா வழுக்கி விழுந்து செத்த கால்மிதி. தூக்கிப் போடுவாங்களா, கப்பி கட்டுவாங்களா?

— கேளு. கயித்தோட சாய்வு பதினோரு டிகிரி. அவ ஒரு எட்டு வச்சா முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.

— அம்மாவோட எட்டை எப்ப அளந்தீங்க?

— நாப்பது வருஷம் பின்னாடியே நடந்திருக்கேன்ல.

— அப்பா...

— இருநூத்தி ஆறாவது தடவை. காஞ்ச தரை. விட்டாச்சு. ம்ஹும், அசையல. எழுதிக்கோ.

— நோட்டு பூரா இதேதானே இருக்கு, காஞ்ச தரை, வழுக்கலனு. ஈரத்துல பார்க்கலையா?

— ரெண்டு தடவை பார்த்தேன். ரெண்டு தடவையும் விழுந்துட்டா.

— மூட்டைப்பா அது.

— ஆமா. மூட்டை.

— அப்புறம் என்ன, ஈரந்தான் காரணம். மணலைக் கொட்டிட்டு என்கூட வந்துடுங்க.

— ரெண்டு தடவையை வச்சு முடிவு சொல்லக்கூடாது. மிதியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கணும். பவுடர் சிந்தியிருந்தாலும் வழுக்கும்...

— அன்னைக்குக் குளிச்சிட்டு ஈரக்காலோட நடந்தது நான்தானேன்னு உள்ளுக்குள்ளயே புழுங்கறீங்க. உங்களை யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா?

— அன்னைக்கு நான் குளிக்கவே இல்லையே. காய்ச்சல்ல படுத்துக் கிடந்தேன்.

— அப்ப தரையில ஈரம் எப்படி?

— ஈரம்னு யார் சொன்னா? செருப்பைச் சரி பண்ணு.

— இருங்க. நான் பஸ்சுக்குக் கிளம்பும்போது, தூசியா இருக்கேன்னு... வாசல் வரைக்கும் ஈரத்துணி போட்டுத் துடைச்சேன். அப்பா, நான்தான் துடைச்சேன்.

— கயித்தைப் பிடி.

— உங்களுக்குத் தெரியுமா?

— அவ புடவையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. தூக்கினது நான்தானே.

— ஏம்ப்பா சொல்லல?

— கயித்தைப் பிடி, அம்மாடி. காஞ்ச தரையில ஒரே ஒரு தடவை வழுக்கிட்டா போதும்.