பச்சைப் பட்டை கட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனது பற்றி

பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் உள்ளபடி. வயது அறுபத்தெட்டு. கணவர் இல்லை. ஐந்தாவது வரை படித்திருக்கிறேன், ஆகையால் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் தாளைக் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன்.

என் ஒரே மகன் சட்டைக் கம்பெனியில் பதினோரு வருடம் டைலர். காலர் வைப்பதில் அவனை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. அவன் மகள், என் பேத்தி, வகுப்பில் முதல் ரேங்க்.

தொற்று பரவியபோது கம்பெனியில் மெஷினுக்கு மெஷின் நடுவே பிளாஸ்டிக் தாள் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் பிறகு திங்கட்கிழமைதோறும் எல்லோரையும் சோதித்து, நோய் இல்லை என்று வந்தவர்களுக்கு மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டினார்கள். அதன் பிறகு மேனேஜர், துணிக்கட்டு கைமாற இடைஞ்சல் என்று தாள்களைக் கழற்றச் சொல்லி, முகக்கவசமும் வேண்டாம் என்றார். சோதிக்க வந்த நர்ஸ், "சார், தொத்தி ரெண்டு மூணு நாளைக்குச் சோதனையில காட்டாது, தடுப்பை எடுக்காதீங்க" என்று சொன்னதற்கு அவர், "நீங்க மூக்குல குச்சி விடற வேலையை மட்டும் பாருங்கம்மா" என்றிருக்கிறார். மகன் சாப்பிடும்போது அவரைப் போலவே பேசிக் காட்டினான். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த திங்கட்கிழமை பக்கத்து மெஷினில் காஜா அடிப்பவர் பச்சைப் பட்டையோடு இருமினார். தள்ளி உட்காரட்டுமா என்று மகன் கேட்டதற்கு மேனேஜர், "பட்டையைப் பாருப்பா, ஆளைப் பாக்காதே" என்றாராம். வியாழக்கிழமை மகனுக்குக் காய்ச்சல். ஐந்து நாள் நான்தான் கூட இருந்தேன், மருமகளையும் பேத்தியையும் அந்த அறைப்பக்கம் விடவில்லை. செவ்வாய்க்கிழமை மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வாசலில் என்னையும் சோதித்து, நோய் இல்லை என்று சீட்டுக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை எனக்குத் தொண்டை கரகரத்தது. அதன் பிறகு குளித்து, நல்ல புடவை கட்டி, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு, மகனுடைய கத்தரிக்கோலை வாங்க வந்தேன் என்று கம்பெனிக்குப் போனேன். வாட்ச்மேன் சீட்டைப் பார்த்துப் பட்டை கட்டினார். அவருக்கு இரண்டு சின்னப் பெண்கள், அவர் மேல் எனக்குப் பகையில்லை, அதனால் முகக்கவசத்தின் மேல் துணியும் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பி நின்றேன்.

மேனேஜர் அறையில் ஏசி ஓடியது, ஜன்னல் சாத்தியிருந்தது. "பட்டைதான் கட்டிட்டாங்களே, மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசுங்கம்மா, ஒண்ணும் விளங்கல" என்றார். "நீங்க சொன்னா சரி சார்" என்று கழற்றினேன். மகன் பிறந்ததிலிருந்து முதல் காலர் வைத்தது வரை முக்கால் மணி நேரம் சொன்னேன். நடுவில் மூன்று முறை இருமினேன், வாயை மூடவில்லை. அவர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மேலும் பேசினேன்.

அடுத்த திங்கட்கிழமை என் மகன் இறந்தான். அன்றே மேனேஜரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எனக்கும் காய்ச்சல் வந்து போனது. அவர் பன்னிரண்டு நாளில் பிழைத்து வந்து என் மேல் புகார் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் அம்மா நல்லவர். "சீட்டுல இல்லேன்னுதானே இருந்துச்சு, தெரியாமப் போயிட்டேன்னு எழுதுங்க பாட்டி, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். மருமகளும், "அத்தே, பேத்திக்காகவாவது அப்படியே எழுதுங்க" என்று அழுதாள். ஆனால் மேனேஜரும் தன் வாக்குமூலத்தில், சோதனையை நம்பினேன், வேறெதுவும் தெரியாது என்றுதான் எழுதியிருக்கிறார். நான் தெரியாமல் போனவள் என்றால் அவரும் தெரியாமல் செய்தவர் ஆகிவிடுவார். சீட்டில் இல்லாதது உடம்பில் இருக்கும் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் போனேன். அந்த நர்ஸ் சொன்னது மகன் வாய் வழியாக என் காதில் விழுந்தது. மேனேஜர் நேரிலேயே கேட்டார்.

எழுதியது அத்தனையும் நடந்தது. ஒருவரும் சொல்லித் தரவில்லை, அடித்தல் திருத்தல் இல்லை. கைநாட்டுக்கு வைத்த மை டப்பாவை எடுத்துவிடச் சொன்னேன். கீழே இருப்பது என் கையெழுத்து.