விரற்கடைக் கோடும் அறுபத்தேழு கிலோமீட்டர் சரளைப் பாதையும்

இந்த அவைக்குத் தலைமையேற்று, பேசுவோர் அனைவரையும் தம் கைக்கடிகாரத்தின் முள்முனையில் நிறுத்தி வைத்திருக்கும் தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, முன்வரிசையை நிறைத்து முகமலர்ந்து அமர்ந்திருக்கும் மூத்தோர்களே, பிள்ளையின் பையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று மூன்றாவது முறையாகத் தடவிப் பார்க்கும் தாய்மார்களே, மைதானத்தின் ஓரத்தில் மிதியில் ஒரு காலும் மண்ணில் ஒரு காலுமாகத் துடித்துக்கொண்டிருக்கும் சக்கரச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் நாம் திறக்கப்போவது அறுபத்தேழு கிலோமீட்டர் வழி. அதில் தார் இல்லை, தடுப்புச் சுவர் இல்லை, முதுகுக்குப் பின்னால் வந்து முழங்கும் லாரி இல்லை. மரம் இறக்கிய பழைய தடம், மூடிப்போன குவாரிக்குப் போன வண்டிப் பாதை, வாய்க்கால் கரை, இவற்றையெல்லாம் கோத்து மலையின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் கைகோக்க வைத்திருக்கிறோம். முழுக்கச் சரளைக்கல். பந்தய சைக்கிள் அதில் பத்தாவது நிமிடம் பஞ்சராகிப் படுத்துவிடும். வளைந்த கைப்பிடியும் அகன்ற டயரும் கொண்ட கிராவல் சைக்கிளோ, அந்தக் கல்லைக் கண்டால்தான் குதிரையாகும்.

வழியைப் புகழ்வதற்கு எனக்குப் பின்னால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். நான் அந்த வழியில் செய்த தவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். அம்மையார் நிமிர்ந்து பார்க்கிறார். பத்தே நிமிடம் அம்மா.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே மேசை, ஒரே நாற்காலி. ஆற்றை வரைந்திருக்கிறேன், அதில் கால் நனைத்ததில்லை. மலையை வரைந்திருக்கிறேன், அதில் மூச்சு வாங்கியதில்லை. என் தம்பி சைக்கிள் மெக்கானிக். அவன் கையில் கிரீஸ், என் கையில் மை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் அறைக்கு வந்து நின்றான்.

"அக்கா, மலையோட ரெண்டு பக்கத்தையும் சேத்து ஒரு கிராவல் ரூட் போட்டுக் குடேன். உன்கிட்ட இல்லாத மேப்பா?"

கேட்டது யார்? கூடப் பிறந்தவன். மறுக்க மனம் வருமா? பழைய தாள்களை விரித்தேன். இரண்டே மதியங்களில் அறுபத்து நான்கு கிலோமீட்டர் ஓடியது என் பேனா. ஆனால் நான்காம் தாளும் ஐந்தாம் தாளும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிக்கல். இந்தத் தாளில் ஒரு தடம் ஓரத்தில் முடிகிறது. அந்தத் தாளில் ஒரு தடம் சற்றுத் தள்ளித் தொடங்குகிறது. நடுவே ஒரு விரற்கடை வெள்ளை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர் ஒருவரையாவது கேட்டிருக்க வேண்டும். நான் அளவுகோலை எடுத்தேன். இரண்டையும் சேர்த்தேன். பேனாவை மூடிவிட்டுக் கைகழுவப் போனேன்.

அந்த ஒரு விரற்கடை, மலையில் இரண்டு கிலோமீட்டர்.

என் தம்பி அந்தக் கோட்டை நம்பிப் போனான். அக்கா வரைந்தது என்று நம்பிப் போனான். திருப்பத்தைத் தாண்டியதும் பாதை இல்லை. மழையில் சரிந்து போன வெறும் கற்சரிவு. முன்சக்கரம் வழுக்கியது, மூன்று ஆள் உயரம் உருண்டான். காறை எலும்பு முறிந்தது. செல்போனில் சிக்னல் இல்லை. காலை பதினொரு மணிக்கு விழுந்தவன், கைக்கெட்டிய சைக்கிள் மணியை இடது கையால் அடித்துக்கொண்டே கிடந்தான். ஒரு மணி ஆயிற்று. மூன்று மணி ஆயிற்று. யார் வந்தார்கள் தெரியுமா?

அதோ, மூன்றாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாரே, அவர் வந்தார். மலைச்சரிவில் ஆடு மேய்க்கிறவர். ஒரே ஒரு சீழ்க்கையில் நாற்பது ஆட்டைத் திருப்புவதால் அவருக்கு விசில் என்றே பெயர். மணிச் சத்தம் கேட்டு, தன் ஆடுதான் பள்ளத்தில் மாட்டிக்கொண்டது என்று இறங்கி வந்திருக்கிறார். கேட்டால் இன்றைக்கும் சிரிக்காமல் சொல்வார்: "ஆட்டைத் தேடிப் போனேன், ஆளு கெடைச்சாரு."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் அவன் கட்டிலருகே நின்றேன். தோளில் கட்டு, உதட்டில் வெடிப்பு. "அந்த எடத்துல வழி இருக்கான்னு எனக்குத் தெரியாதுடா. நானா சேத்துட்டேன்" என்றேன். கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஸ்கேல் வச்சா போட்ட?"

"ஆமா."

"அதான் அவ்வளவு நேரா இருந்துச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் திட்டவில்லை. இவ்வளவுதான் சொன்னான். "நீயே போய்ப் பாத்துட்டு வா. பாத்துட்டு அப்புறம் வரை."

போவதற்கு எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டுமே. அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஒரு கையைத் தூளியில் தொங்கவிட்டபடி, மறு கையால் என் சீட்டைப் பிடித்துக்கொண்டு, பேருந்துப் பணிமனையின் பின்முற்றத்தில் ஓடி வந்தான் என் தம்பி. ஓட்டுநர்கள் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். விழுந்தேன். எழுந்தேன். விழுந்தேன். ஒரு நடத்துநர் விசாரித்தார்: "மேடம், எந்த ஸ்டாப்புல எறங்குறீங்க?"

இரண்டு மாதத்தில் இறங்காமல் ஓட்டினேன். சரளையில் ஏறியபோதுதான் மறுபடி அரிச்சுவடி. "காத்தைக் கொஞ்சம் எறக்குக்கா, டயர் கல்லைப் பிடிக்கும். கையை இறுக்காத, வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், விடு" என்பான். இருபத்திரண்டு ஆண்டு கோட்டை ஆடாமல் பிடித்த கை இது. ஆடவிடக் கற்றுக்கொள்வது எளிதா?

பதினான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஏறி இறங்கினோம். ஒவ்வொரு வளைவையும் அளந்தேன், உடைந்த ஒவ்வொரு வாய்க்கால் கரையையும் குறித்தேன். எட்டாவது ஞாயிறு, அந்தச் சரிவுக்கு வந்தோம். விசில் இடுப்பில் கைவைத்து நின்று என் பழைய தாளை எட்டிப் பார்த்தார்.

"இந்த வழி போயி மூணு மழையாச்சே. யாரு போட்டது இது?"

"நான்தாம்மா."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல? நான் தெனமும் இங்கதான நிக்கிறேன்."

அவைப் பெருமக்களே, பட்டம் தராத பாடத்தை, பதவி தராத பாடத்தை, அந்த ஒரு கேள்வி எனக்குத் தந்தது. அவர் முன்னே நடந்தார், நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னே நடந்தோம். பாறையைச் சுற்றி, புல்வெளியைத் தொட்டு, அவருடைய ஆடுகள் தேய்த்த அகலமான தடம். இரண்டு கிலோமீட்டர் அங்கே ஐந்தாகிறது. ஆனால் ஐந்தும் உறுதி.

கடைசி ஞாயிறு கணவாய் உச்சியில் நின்றோம். ஒரு பக்கம் மேகம், ஒரு பக்கம் வெயில், கீழே பதினொரு கிலோமீட்டர் தொடர் இறக்கம். எனக்கு ஆனந்தத்தில் கால் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தம்பி சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறான். முகம் வெளிறியிருந்தது. விழுந்த நாளிலிருந்து அவன் எந்த இறக்கத்திலும் ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கிறான். என்னைக் கவனிக்கும் சாக்கில் பின்தங்கி வந்து என்னிடமிருந்து மறைத்திருக்கிறான்.

"உன்னால முடியலன்னா நடந்தே போலாம்டா" என்றேன்.

நெடுநேரம் கீழேயே பார்த்தான். "இதை நீ பாத்துட்டுத்தான வரைஞ்ச?"

"ஒவ்வொரு கல்லையும் பாத்துட்டேன்."

"அப்ப நீ முன்னாடி போ."

போனேன். காற்று காதைக் கிழித்தது, கண்ணில் நீர் வழிந்தது, கல் தெறித்தது, கை ஆடியது, ஆடவிட்டேன். திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. முதல் வளைவு கடந்தேன், பின்னால் ஓசை இல்லை. இரண்டாம் வளைவு கடந்தேன், ஓசை இல்லை. மூன்றாம் வளைவில் கேட்டேன் ஐயா, சரளையின்மேல் இன்னொரு டயர் நொறுநொறுவென்று அரைத்துக்கொண்டு வரும் சத்தத்தைக் கேட்டேன். எத்தனையோ பாராட்டுகளைக் கேட்ட காதுகள் இவை. அதற்கு ஈடாக எதைச் சொல்வேன்?

ஆகவே இளைஞர்களே, இளைஞிகளே, ஏறுங்கள். மூச்சு முட்ட ஏறுங்கள், முகம் சிவக்க ஏறுங்கள், மேகம் உங்களுக்குக் கீழே போகும்வரை ஏறுங்கள். உங்கள் கையில் இருக்கும் வரைபடத்தில் நான் பார்க்காத கோடு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மலை மழைக்கு மழை மாறும். கரை உடைந்திருந்தால், கல் சரிந்திருந்தால், வந்து சொல்லுங்கள். என் பெயரைக் காப்பாற்ற வேண்டாம், உங்களுக்குப் பின்னால் வருகிறவரைக் காப்பாற்றுங்கள். அழித்து வரைய நான் இருக்கிறேன்.

இந்த மேடையைத் தந்த பள்ளிக்கு நன்றி. பத்து நிமிடம் பன்னிரண்டானதைப் பொறுத்த அம்மையாருக்கு நன்றி. கேட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் என்னைத் தாங்கிய உங்களுக்கு நன்றி. கைதட்டல் ஓயும்வரை நிற்க இயலாததற்கு மன்னியுங்கள். நாற்பத்தோராம் எண் சைக்கிள் என்னுடையது, அதன் பக்கத்தில் நாற்பத்திரண்டாம் எண்காரன் இப்போதே கையைக் காட்டிக் கூப்பிடுகிறான். வருகிறேன், வணக்கம்.